கூட்டுக் கணினியும் ஊவா மலைகளின் மழையும்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைக் கடந்து சென்றபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளையும் லயன்களையும் பாதைகளையும் கொண்டு போயின. அதன் பிறகு பதுளைக் கடைவீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் நான் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்கட மலையில எவ்வளவு மழை விழும் எண்டு முன்னுக்கே சொல்ல ஏலாதா?"

நாட்டுக்குப் புயல் வருகிறது என்று சொல்வது ஒரு விஷயம். இந்தத் தோட்டத்தில், இந்தச் சரிவில், இன்றிரவு இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யக்கூடும் என்று சொல்வது வேறு விஷயம். இரண்டாவதைச் சொல்ல ஏராளமான கணக்கு வேண்டும். அதைப் போடப் பெரிய கணினி வேண்டும். நம்மைப் போன்ற சிறிய நாடு அப்படியொன்றை விலைக்கு வாங்குவது கடினம். ஆனால் பல இடங்களிலுள்ள சிறு கணினிக் கூட்டங்களை வலையமைப்பால் இணைத்து ஒரு பெருங்கணினி போல வேலை வாங்கும் வழி ஒன்று உண்டு. அது எப்படி இயங்குகிறது, எந்த வேலைக்கு ஒத்துவரும், எதற்கு ஒத்துவராது, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு மலை மாறும் கணக்கு

வானிலையைக் கணிக்கும் மென்பொருள் வளிமண்டலத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், அழுத்தம், ஈரம், காற்று என்று எண்கள் இருக்கும். அடுத்த சில விநாடிகளில் அவை எப்படி மாறும் என்று பௌதிக விதிகளின்படி கணக்கிட்டு, அந்த விடையை வைத்து அதற்கடுத்த சில விநாடிகளைக் கணக்கிட்டு, இப்படியே பல நாட்களுக்கு முன்னே செல்லும்.

ஐரோப்பிய நடுத்தர வானிலை முன்னறிவிப்பு மையம் உலகம் முழுவதற்கும் ஓட்டும் மாதிரியில் ஒரு பெட்டியின் அகலம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கடலுக்கும் சமவெளிக்கும் இது தாராளம். ஊவாவுக்கோ போதாது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டரில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நமுனுகுல மலை 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. 9 கிலோமீட்டர்ப் பெட்டியில் மலையின் உச்சியும் அடிவாரமும் சராசரியாகிவிடும். மழை மட்டும் சராசரியாகப் பெய்வதில்லை. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனை ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கு வீசும் உலர் காற்றால் வருவது. அதே நாட்களில் மலைத்தொடரின் மறுபக்கச் சரிவுகள் நனைந்துகொண்டிருக்கும். ஒரு மலைமுகடு இரண்டு காலநிலைகளைப் பிரித்து வைக்கும் நாடு இது.

சரி, பெட்டியைச் சிறிதாக்கினால் என்ன? 9 கிலோமீட்டரை 3 கிலோமீட்டராக்கினால், நீளத்தில் மூன்று மடங்கு, அகலத்தில் மூன்று மடங்கு பெட்டிகள். பெட்டி சிறுத்தால் ஒவ்வொரு காலடியையும் குறுக்கி வைக்க வேண்டும், அதில் இன்னொரு மூன்று மடங்கு. ஆக வேலை 27 மடங்காகிறது. ஒரு கிலோமீட்டருக்குப் போனால் 729 மடங்கு. இன்று கணக்குப் போட்டு நாளை மறுநாள் விடை வந்தால் அது முன்னறிவிப்பு அல்ல. வேகம் இல்லாவிட்டால் விடைக்குப் பயனில்லை.

இந்தச் சிக்கலை நூறு வருடங்களுக்கு முன்பே அனுபவித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். 1910 மே 20ஆம் திகதிக்குரிய ஆறு மணிநேர மாற்றத்தை அவர் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். விடை பெரிதும் தவறிப் போனது. ஆனாலும் 1922இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனையை எழுதி வைத்தார்: 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் அமர்ந்து, உலகின் ஒவ்வொரு பகுதிக்குமான கணக்கை ஒரே நேரத்தில் போடுகிறார்கள். கணினி பிறக்கும் முன்பே அவர் மனதில் கண்டது கூட்டுக் கணிப்பைத்தான்.

பெரிய இயந்திரம் வாங்க முடியாதவர்கள்

2024 நவம்பரில் உலகின் வேகமான கணினியாகப் பட்டியலில் ஏறியது அமெரிக்காவின் 'எல் கேப்பிட்டன்'. விநாடிக்கு 1.7 எக்சாஃப்ளொப், அதாவது 1.7ஐ அடுத்து ஒரு கோடியே கோடியின் பத்தாயிரம் மடங்கு என்று எழுத வேண்டிய எண்ணிக்கையில் கணக்குகள். அது குடிக்கும் மின்சாரம் ஏறத்தாழ 30 மெகாவாட். நம் ஊவாவில் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா நீர்மின் திட்டத்தின் முழுக் கொள்ளளவே 120 மெகாவாட் தான். அதில் கால்வாசியை ஒரு கணினிக்கே கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இந்த நிலைமை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கா இந்தியாவுக்கு உயர்ரக 'க்ரே' கணினியைக் கொடுக்கத் தயங்கியபோது, இந்தியா 1988இல் சி-டாக் நிறுவனத்தை அமைத்தது. விஜய் பட்கர் தலைமையில் சாதாரணச் செயலிகள் பலவற்றைச் சேர்த்து 1991இல் 'பரம் 8000' கணினியை உருவாக்கியது. ஒரு பெரிய மூளைக்குப் பதிலாகப் பல சிறிய மூளைகள்.

1994இல் அமெரிக்க நாசாவின் கோடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் இன்னும் எளிமையாக்கினார்கள். கடையில் கிடைக்கும் 486 ரகக் கணினிகள் 16, சாதாரண ஈத்தர்நெட் கேபிள், இலவச லினக்ஸ் மென்பொருள். அதற்கு 'பியோவுல்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். இப்படி ஓரறையில் பிணைக்கப்பட்ட கணினிக் கூட்டத்தையே 'கிளஸ்டர்' என்கிறோம். இன்று உலகின் பெரிய கணினிகள் பெரும்பாலும் இந்த வழியின் பிள்ளைகள்தான்.

ஓரறைக் கூட்டத்திலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு கிளஸ்டர், இன்னொரு நகரத்தில் இன்னொன்று. இவற்றையும் பிணைத்தால் ஒரே கணினியாகுமா? ஆகும். எல்லா வேலைக்கும் அல்ல. அது ஏன் என்று விளங்க, நமக்குப் பழக்கமான இரண்டு காரியங்களைப் பார்ப்போம்.

முப்பது ஜுஸ்உ

குர்ஆனை ஒருவர் தனியே ஓதி முடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? சரளமாக ஓதுபவருக்கு ஒரு ஜுஸ்உவுக்கு அரை மணி என்று வைத்தால் முப்பது ஜுஸ்உவுக்கு 15 மணி. முப்பது பேர் கூடி ஆளுக்கொரு ஜுஸ்உவை எடுத்துக்கொண்டால் அரை மணியில் முடிந்துவிடும். இங்கு கவனிக்க வேண்டியது, மூன்றாம் ஜுஸ்உவை ஓதுபவர் பதினேழாம் ஜுஸ்உவை ஓதுபவரிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. ஒருவர் பதுளையிலும் மற்றவர் வெலிமடையிலும் இருந்தாலும் காரியம் நடக்கும். முடிந்ததும் "முடிஞ்சுது" என்று ஒரு தகவல் சொன்னால் போதும்.

இப்படிப் பிரிக்கக்கூடிய கணக்குகள் பல இருக்கின்றன. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் துகள்கள் மோதும் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே ஆராயலாம். ஆகவே 40க்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள கணினி நிலையங்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இஸ்லாமாபாத்திலுள்ள தேசிய பௌதிக மையமும் அதில் ஒன்று. கொரோனாக் காலத்தில் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு உலகெங்கும் மக்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இரவல் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் அந்தக் கூட்டத்தின் மொத்த வேகம், அன்றைய எந்தத் தனிக் கணினியும் எட்டாத எக்சாஃப்ளொப் எல்லையைத் தாண்டியது.

ஆனால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஓதி முடித்ததும் ஒருவர் துஆச் செய்வார், மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். அதற்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரிக்க முடியாது. தனி ஆளுக்கு மொத்தம் 910 நிமிடம். முப்பது பேருக்கு 40 நிமிடம். வேகம் முப்பது மடங்கு ஆகவில்லை, ஏறத்தாழ 23 மடங்குதான். அறுநூறு பேரைக் கூட்டினாலும் பதினொன்றரை நிமிடம் செல்லும், வேகம் 79 மடங்கைத்தான் தொடும். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் பத்து நிமிடத்துக்குக் கீழே போகாது. 1967இல் ஜீன் அம்டால் என்ற பொறியியலாளர் சொன்ன விதி இதுதான்: பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே கூட்டு வேகத்தின் எல்லை.

ஜமாஅத்தின் ஒழுங்கு

இனி ஜமாஅத் தொழுகையைப் பாருங்கள். இமாமுக்கு முன் யாரும் ருகூஉக்குப் போக முடியாது. அவர் தக்பீர் சொல்ல வேண்டும், ஸஃப்பில் நிற்பவர்களுக்கு அது கேட்க வேண்டும், பிறகே எல்லோரும் குனிய வேண்டும். இங்கே ஒவ்வொருவரின் செயலும் ஒரு சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறது.

வானிலைக் கணக்கு இந்த இரண்டாம் வகை. பசறைப் பெட்டியின் அடுத்த நிலையைக் கணக்கிட, அதன் பக்கத்திலுள்ள பெட்டிகளின் இப்போதைய நிலை தெரிய வேண்டும். ஒவ்வொரு காலடிக்கும் அண்டை அயல் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு செயலி தாமதித்தால் மற்றவை எல்லாம் சும்மா நிற்கும். ரிச்சர்ட்சன் தன் கற்பனை மண்டபத்தின் நடுவே ஒரு தூணை எழுப்பி, அதில் ஒருவரை நிறுத்தியிருந்தார். முந்திப் போகிறவர்கள் மீது ஒரு நிற ஒளியும் பிந்துகிறவர்கள் மீது வேறு நிற ஒளியும் பாய்ச்சி எல்லோரையும் ஒரு சீராக வைத்திருப்பது அவர் வேலை.

ஓரறைக்குள் இருக்கும் கிளஸ்டரில் ஒரு தகவல் போய்ச் சேர ஒன்றிரண்டு மைக்ரோ விநாடி போதும். ஊர் விட்டு ஊர் என்றால்? பதுளையிலிருந்து கொழும்புக்குப் பாதை வழியே ஏறத்தாழ 230 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். கேட்டுப் பதில் வரக் குறைந்தது 2.3 மில்லி விநாடி. நமக்கு அது கண்சிமிட்டும் நேரத்திலும் சிறியது. 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கோ, ஏறத்தாழ 70 இலட்சம் துடிப்புகள் வீணாகும் காத்திருப்பு. எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட ஏலாது.

ஆகவே ஒரு பொதுவிதி கிடைக்கிறது: ஜமாஅத் போன்ற வேலை ஓரறைக்குள் நடக்கட்டும். ஜுஸ்உ பிரிப்பது போன்ற வேலை ஊர்களுக்கிடையே நடக்கட்டும்.

நெதர்லாந்தின் அனுபவம்

இதைப் பல்லாண்டுகள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்தின் பல்கலைக்கழகத்தார். 1997இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள இரண்டு பல்கலைக்கழகங்களும் லைடன், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'டாஸ்' என்ற பரவல் பெருங்கணினியை அமைத்தன. ஆம்ஸ்டர்டாமின் வ்ரைய பல்கலைக்கழகத்தில் 128 கணினிகள், மற்ற மூன்று இடங்களில் தலா 24, மொத்தம் 200. நான்கு கூட்டங்களும் விநாடிக்கு 6 மெகாபிட் இணைப்பால் பிணைந்திருந்தன. இன்று ஒரு சாதாரண வீட்டு இணைப்பே அதைவிட வேகமானது. ஊருக்குள் பேசுவதைவிட ஊர் கடந்து பேச ஏறத்தாழ நூறு மடங்கு தாமதம்.

ஹென்றி பால் என்பவரின் குழுவினர் கண்ட வழி, ஊர் கடக்கும் பேச்சைக் குறைப்பது. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவரும் கூடை நிறைந்ததும் தொழிற்சாலைக்கு நடந்து போவதில்லை. மலையில் நிரை நிரையாகப் பறித்து, மடுவத்தில் கொண்டுவந்து நிறுக்கிறார்கள். பிறகு ஒரு லொறி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிப் போகிறது. அதே போல ஆயிரம் சிறு செய்திகளைச் சேர்த்து ஒரே பொதியாக ஊர் கடத்தினால் ஆயிரம் முறை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரு செய்தி போக வேண்டுமானால், ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு பிரதி போகும், அங்குள்ள ஒரு கணினி அதைத் தன் கூட்டத்துக்குப் பரப்பும். பெரிய பள்ளிவாசலில் இமாமின் தக்பீரைப் பின் ஸஃப்புகளுக்கு எடுத்துச் சொல்லும் முகப்பிரின் வேலை இது.

இந்தக் கூட்டுக் கணினியின் இரண்டாம் தலைமுறையில் நடந்த ஒரு வேலை நம் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கும். பல்லாங்குழியின் ஆபிரிக்கச் சகோதரி 'அவாரி' என்ற விளையாட்டு. 12 குழி, 48 காய். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெல்வது யார்? 2002இல் ஜோன் ரோமைனும் ஹென்றி பாலும் ஆம்ஸ்டர்டாம் கிளஸ்டரின் 144 செயலிகளை 51 மணிநேரம் ஓட்டி, 88,900 கோடிக்கும் மேற்பட்ட நிலைகள் அனைத்துக்கும் விடை கண்டார்கள். யாரும் வெல்வதில்லை, ஆட்டம் சமன். அந்த வேலை ஜமாஅத் வகை, செயலிகள் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டியது. அதனால்தான் முதலில் ஓரறைக்குள் ஓட்டினார்கள். பின்னர் மூன்றாம் தலைமுறையில் ஊர்களுக்கிடையே வேகமான ஒளியிழை கிடைத்தபோது, செய்திப் போக்குவரத்தைச் செப்பனிட்டு, அதையே பல ஊர்க் கிளஸ்டர்களில் சேர்த்து ஓட்டினார்கள். ஓரறை வேகத்தைவிடச் சற்றே குறைவான வேகம் கிடைத்தது. விதியை முற்றாக மீற முடியாது. ஆனால் அறிவைச் செலவழித்தால் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பதை அது காட்டிற்று.

இந்தியாவும் இந்த வழியில் 'கருடா' என்ற தேசிய வலைக் கணிப்புத் திட்டத்தை சி-டாக் மூலம் தொடங்கி, 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைத்தது. அதில் சென்னையும் ஒன்று.

நம்மிடம் என்ன இருக்கிறது?

கம்பி ஏற்கனவே இருக்கிறது. பேராசிரியர் அபய இந்துருவ போன்றோரின் முயற்சியால் 1990இல் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கிய 'லேர்ன்' வலையமைப்பு இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களைப் பிணைத்து, ஆசிய ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புடனும் இணைந்திருக்கிறது. பதுளையில் 2005இல் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனை, மொரட்டுவை, யாழ்ப்பாணம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கணினி கற்கும் பிள்ளைகளும் வானிலை, புவியியல், பொறியியல் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

மென்பொருளுக்கும் விலையில்லை. ஒரு பிரதேசத்தை நெருக்கமாகக் கணிக்கும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற மாதிரி உலகெங்கும் இலவசமாகப் பயன்படுகிறது. அதற்குத் தொடக்கத் தரவாக அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். உலகக் கணிப்பு நாள்தோறும் பொதுவில் கிடைக்கிறது.

"வானிலைக் கணக்கு ஜமாஅத் வகை என்றீர்களே, பின்னே எப்படி ஊர்களுக்குப் பிரிப்பது?" என்று கேட்பீர்கள். ஒரு தனிக் கணிப்பு ஜமாஅத் வகைதான். ஆனால் இன்றைய வானிலையாளர்கள் ஒரு கணிப்போடு நிற்பதில்லை. தொடக்க நிலையை யாராலும் துல்லியமாக அளக்க முடியாது. ஆகவே அதைச் சற்றுச் சற்று மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் ஒரே நேரத்தில் 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றில் பெரும்பான்மை ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும், சிதறினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணிப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு கணிப்பும் ஒரு ஜமாஅத், எல்லாம் சேர்ந்து ஒரு தமாம். பதுளையில் நான்கு, பேராதனையில் ஆறு, ஒலுவிலில் நான்கு என்று பங்கிடலாம். ஒவ்வொன்றும் தன் அறைக்குள்ளேயே வேகமாக ஓடி முடியும். முடிந்த விடைகள் மட்டும் ஊர் கடந்து ஓரிடத்தில் சேரும். ஒளியின் வேகம் இதற்குத் தடையல்ல.

பலன் எப்படி இருக்கும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் 24 மணிநேர மழையை வைத்துப் படிப்படியாக உயர்கின்றன: 75 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர், 150 மில்லிமீட்டர். மழை பெய்து மானியில் நிறைந்த பிறகு எச்சரித்தால் பாதி இரவில் குழந்தை குட்டிகளோடு வெளியேற வேண்டும். இருபது கணிப்புகளில் பதினைந்து, "இந்தப் பகுதியில் நாளை 150ஐத் தாண்டும்" என்று சொன்னால், இன்று பகல் வெளிச்சத்திலேயே ஆட்களை இடம்மாற்றலாம். அந்தப் பன்னிரண்டு மணிநேரத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

ஷிர்கத்தின் நிபந்தனைகள்

இயந்திரத்தை இணைப்பது பாதி வேலை. மனிதர்களை இணைப்பது மீதி, அதுவே கடினமான பாதி. கூட்டு வியாபாரத்துக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்த ஒழுங்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. யார் என்ன முதல் போடுகிறார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

நெதர்லாந்துக் கூட்டில் பகல் வேளையில் ஒரு வேலை 15 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. நீண்ட வேலைகள் இரவிலும் வார இறுதியிலும்தான். சின்ன விதிதான். அது இல்லாவிட்டால் ஒருவர் முழுக் கணினியையும் பிடித்து வைத்துக்கொள்வார், மற்றவர்கள் மனம் முறிந்து போவார்கள். எல்லா இடங்களிலும் ஒரே வகை இயந்திரமும் ஒரே மென்பொருளும் வைப்பது என்ற உடன்பாடும் அவர்களிடம் இருந்தது. அதனால் ஓரிடத்தில் ஓடிய நிரல் எல்லா இடத்திலும் ஓடிற்று. 1997 முதல் ஆறு தலைமுறைகள் அந்தக் கூட்டு நீடித்ததற்கு இந்த உடன்பாடுகளே காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது அமானத். முகம் தெரியாத ஒருவரின் நிரலை நம் கணினியில் ஓட விடுகிறோம். அவர் யார்? ஒரு மஹல்லாப் பள்ளிவாசல் கொடுத்த கடிதத்தை இன்னொரு மஹல்லா ஏற்பது போல, ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவருக்குக் கொடுக்கும் மின்னணுச் சான்றிதழை மற்றவை ஏற்கும் ஏற்பாடு வேண்டும். ஒரு வளாகத்தின் கடவுச்சொல்லால் இன்னொரு வளாகத்தின் வைஃபையில் நுழையும் 'எடுரோம்' வசதியை லேர்ன் ஏற்கனவே நடத்துகிறது. அதே நம்பிக்கைச் சங்கிலியை நீட்டினால் போதும்.

மின்சாரமும் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில், அதாவது கணிப்பு மிக அவசியமான நாளில்தான், மலைநாட்டில் மின்கம்பி அறுந்து விழும். இதற்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, கணக்கை இடையிடையே சேமித்து வைப்பது. ஓதிக்கொண்டிருந்தவர் எழுந்து போக நேர்ந்தால், விட்ட ஆயத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போவார், இன்னொருவர் அங்கிருந்து தொடர்வார் அல்லவா? அது போல. இரண்டு, பதுளையில் மின்சாரம் போனால் அதன் நான்கு கணிப்புகளை ஒலுவில் எடுத்துக்கொள்வது. ஒரே இடத்தில் ஒரு பெரிய கணினி வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. கூட்டுக்கு அதுவே பெரிய பலம்.

கணக்கு முடிந்த பின்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது. அது குடும்பங்களை இடம்பெயர்க்கும் செயலாக மாறவில்லை. போக வேறு நிலமில்லாதவரிடம் "போ" என்று சொல்வதில் பொருளில்லை. எத்தனை வேகமான கணினியும் ஒரு காணித்துண்டைப் பெற்றுத் தராது. கூட்டுக் கணினியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்து மக்களின் துயரத்தை வைத்து இயந்திரம் விற்பவர்களாகிவிடுவோம்.

எச்சரிக்கை தமிழில் வர வேண்டும், தோட்டத்தின் பெயரோடும் டிவிசனின் பெயரோடும் வர வேண்டும். கோயிலின் ஒலிபெருக்கியும் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் அதைச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். நிறைந்த வீடுகளை ஏற்க ஒரு மத்ரஸா மண்டபமோ பாடசாலையோ திறந்திருக்க வேண்டும். இவை கணினிக்குப் புறம்பானவை அல்ல, கணக்கின் கடைசி வரி இவைதான்.

ஊவா இந்தக் கூட்டுக்குக் கொண்டுவரக்கூடிய முதல் ஒன்றும் இருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் நாள் தவறாமல் மழை அளந்து எழுதிய பழைய பதிவேடுகள். மாதிரி சரியாகக் கணிக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல தராசு கிடையாது. 2014 ஒக்டோபரையும் 2025 நவம்பரையும் கணினியில் மீண்டும் ஓட்டி, கணிப்பு சொன்ன மில்லிமீட்டரையும் பதிவேட்டில் உள்ள மில்லிமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. இரண்டு மூன்று வளாகங்களின் ஆய்வுகூடக் கணினிகள், விடுமுறை இரவுகள், மனமுள்ள பத்து மாணவர்கள் போதும்.

அந்தப் பதிவேடுகள் பல இடங்களில் ஈரத்தாலும் செல்லாலும் அழிந்துகொண்டிருக்கின்றன. இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் தோட்ட அலுவலகங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரிகள் இருப்பீர்கள், அங்கு வேலை செய்தவர்களும் இருப்பீர்கள். அனுமதி கேட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் காலம் எடுக்கும். இதை அடுத்த மழைக்கு முன்பே செய்யலாம்.